வேன் மட்டும் திரும்பி வந்தது

பதுளை,
2024 ஓகஸ்ட் 22

புவனேந்திரன் அண்ணனுக்கு ஜெயந்தினி எழுதுவது.

'அன்புள்ள' என்றுதான் தொடங்க நினைத்தேன். கை வரவில்லை.

மூன்று நாளாக உங்களுக்குப் போன் அடிக்கிறேன். முதல் நாள் மணி அடித்தது, நீங்கள் எடுக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து மணியே இல்லை. என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறீர்கள். நாற்பது வயது மனிதர் செய்கிற வேலையா இது? அம்மாவுக்கு அடித்தால், "அண்ணன் வெளிய போயிருக்கான்மா, கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறார். நடந்தது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது என்று மட்டும் புரிந்தது. அதனால்தான் இந்தத் தபால். பேங்கில் நாள் முழுக்கக் கையெழுத்துப் போடுகிறேனே தவிர, ஒரு பக்கம் கையால் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. அதையும் செய்ய வைத்துவிட்டீர்கள்.

உங்களை நம்பித்தானே அண்ணா பாசிக்குடாக் கடற்கரைக்குப் புறப்பட்டோம்? பௌர்ணமிப் போயா லீவோடு சேர்ந்து மூன்று நாள். நானும் இவரும் மிதுவும், என்னோடு பேங்கில் வேலை செய்கிற லக்ஷனாவும் அவள் புருஷன் நிஷாந்தும். அவ்வளவு பெரிய ஹோட்டலில் நாங்கள் யாரும் அதுவரை தங்கியதில்லை. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ரிசப்ஷனிலிருந்து ரூமுக்குப் போன் வருகிறது. "மேடம், உங்க டிரைவர் சாவியக் குடுத்துட்டுப் போயிட்டார்." ஹோட்டல் பெயர் போட்ட கவருக்குள் வேன் சாவி. ஒரு வரி எழுதி வைக்கக்கூட உங்களுக்கு மனம் வரவில்லை.

காலைச் சாப்பாட்டு மேசையில் நிஷாந்த் சிரித்துக்கொண்டே, "என்னங்க, உங்க டிரைவர் இப்படி அம்போன்னு விட்டுட்டு ஓடிட்டான்?" என்றார். 'ஓடிட்டான்' என்பதைக் கேட்டுக்கொண்டு நான் தோசையைப் பிட்டுத் தின்ன வேண்டியிருந்தது. யாரால்? உங்களால்.

இவருக்கு வேன் ஓட்டிப் பழக்கமில்லை என்று உங்களுக்குத் தெரியும். நிஷாந்த்தான் ஓட்டினார். உங்கள் வேனின் கிளட்ச் உங்கள் காலுக்கு மட்டும் படிகிற கிளட்ச். லுணுகலை வளைவுகளில் மூன்று இடத்தில் நின்றுபோய்ப் பின்னால் உருண்டது. மிது இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பயத்தில் நான் கண்ணைத் திறக்கவே இல்லை.

வேன் இப்போது எங்கள் வாசலில் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறக்க முடியவில்லை என்று தினம் சொல்லிவிட்டுப் போகிறார். வந்து எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி கதிர்காமத்தில் மிதுவுக்கு மொட்டையும் காதுகுத்தும். நேர்த்தி வைத்தது நீங்கள், காது குத்த மடியில் வைக்க வேண்டிய தாய்மாமனும் நீங்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அப்படி என்ன குறை வைத்தோம் உங்களுக்கு?

ஜெயந்தினி

*

மேற்கணக்கு, அப்புத்தளை
2024 ஓகஸ்ட் 26

தங்கச்சி ஜெயந்தினிக்கு,

கடிதத்தைத் தோட்ட ஆபீசில் வாங்கினேன். "என்ன புவனேந்திரன், பேங்க்லேருந்து லெட்டரா?" என்று கிளாக்கர் கேட்டார். தங்கச்சி எழுதியது என்றேன். ஏன், போன் இல்லையா என்றார். உன் கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதற்குப் பிறகு நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

போனில் பேசினால் நான் கத்திவிடுவேன். லயத்தில் ஒரு வீட்டில் கத்தினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அம்மா உன்னைப் பற்றி அந்த மாதிரி ஒன்றைக் கேட்க வேண்டாம் என்றுதான் எடுக்கவில்லை.

நான் ஓடிப்போனேனாம். ஓடுகிறவன் வேனை எடுத்துக்கொண்டு ஓடுவான். பிள்ளை பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வரக் கூடாது என்று வேனை உங்களுக்கு விட்டுவிட்டு, வாழைச்சேனை வரை நடந்து போய், அங்கிருந்து மூன்று பஸ் மாறி நின்றுகொண்டே வந்தவன் நான்.

என்ன குறை என்று கேட்டாய். சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன மாதம் நீ போனில் சொன்னது என்ன? "அண்ணே, நாமெல்லாம் கடலுக்குப் போறோம், நீங்களும் வாங்க." 'நாமெல்லாம்' என்றாய். இத்தனை வருஷத்தில் எத்தனையோ குடும்பத்தைக் கடற்கரைக்கு ஏற்றிப் போயிருக்கிறேன். ஒரு நாளும் கடலில் இறங்கியதில்லை. டிரைவர் ஈரத்தோடு சீட்டில் உட்கார முடியாது. இந்தத் தடவைதான் நானும் குளிக்கலாம் என்று நினைத்தேன். பண்டாரவளைக்குப் போய் முழங்கால் வரைக்கும் வருகிற காற்சட்டை ஒன்று வாங்கினேன். போட்டுக் காட்டச் சொல்லி அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பையில் வைத்தது வைத்தபடி திரும்பி வந்திருக்கிறது.

ரிசப்ஷனில், தங்க வந்தவர்களுக்கு அடையாளம் என்று எல்லோர் கையிலும் நீலப் பட்டி கட்டினார்கள். நானும் கையை நீட்டினேன். அந்தப் பெண் உன்னைப் பார்த்தது. "அவங்க டிரைவர்" என்றாய். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னாய். நீட்டிய கையால் நான் உன் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டேன்.

சரி, இடம் இல்லையாக்கும், பிறகு பேசிக்கொள்வாள் என்று டிரைவர்மார் அறைக்குப் போனேன். துணி வெளுக்கிற கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. அந்த அறையை நான் குறை சொல்லவில்லை, அது எனக்குப் புதிதும் இல்லை. கண்டியிலிருந்து வந்த ஸரூக் என்ற டிரைவர் எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கி வந்தார். யாரைக் கூட்டி வந்தீங்க என்று கேட்டார். என் தங்கச்சி குடும்பத்தை என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அத்தனை பேரும் சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி குடும்பம்னா நீங்க ஏன் அண்ணே இங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

இதெல்லாம் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடந்ததற்குப் பதில் சொல். மிதுவுக்கு நான்கு சிப்பி பொறுக்கிக்கொண்டு நீச்சல் தடாகத்து வேலி வரைக்கும் வந்தேன். அவள் என்னைக் கண்டதும் "மாமா!" என்று கத்திக்கொண்டு ஈரக்காலோடு ஓடி வந்தாள். உன் சிநேகிதி, "இங்க பாருங்க, டிரைவர மாமான்னு கூப்பிடுறா" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? நீதான் வந்து பிள்ளையின் கையைப் பிடித்தாய். "மாமா இல்லடா செல்லம், டிரைவர் அங்கிள். அங்கிளுக்கு பாய் சொல்லு." பிள்ளை என்னைப் பார்த்தது, உன்னைப் பார்த்தது. "பாய் டிரைவர் அங்கிள்" என்றது.

ஜெயா, அந்தப் பிள்ளை எட்டாம் மாதத்தில் பிறந்தது. ஊரடங்கில் ஒரு வாகனம் இல்லாதபோது, பொலிஸ்காரன் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார்? கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்தபோது, இவள் பிழைத்தால் என் மடியில் வைத்துக் காது குத்துகிறேன் முருகா என்று அழுதது யார்? டிரைவர் அங்கிளா?

அன்று இரவு எட்டு மணிக்கு நீ பின்பக்கம் வந்தாய். ஏதோ சொல்லப்போகிறாய் என்று எழுந்து நின்றேன். ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் தந்துவிட்டு, "சாப்பிடுங்க, நான் போறேன், தேடுவாங்க" என்று போய்விட்டாய். மிஞ்சிய சாப்பாடாக இருந்தாலும் என்னை நினைத்துக் கொண்டுவந்தாளே என்று சாப்பிட்டேன். விடிந்ததும் புறப்பட்டுவிட்டேன்.

வேனை எடுக்க வரமாட்டேன். உன் வாசலில் வந்து நின்றால் யார் வந்திருக்கிறது என்று அக்கம்பக்கம் கேட்கும். உனக்கு மறுபடியும் கஷ்டம்.

புவனேந்திரன்

*

பதுளை,
2024 ஓகஸ்ட் 29

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான்கு தடவையும் கோபம்தான் வந்தது. எல்லாப் பழியையும் என் தலையில் போட்டுவிட்டு நீங்கள் நல்ல பிள்ளையாகப் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள்.

பசறையில் தேநீர் குடிக்க நிறுத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? "நீங்க ஜெயாவோட ஊரா அண்ணே?" என்று லக்ஷனா உங்களிடம்தான் கேட்டாள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஆமாங்க, வேன் ஓட்ட வந்தேன்." நான் பக்கத்தில்தான் நின்றேன். முதலில் டிரைவர் என்று சொன்னது நீங்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு போனேன், அவ்வளவுதான். உங்கள் வாயால் சொல்லிவிட்டு என்னைக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

இந்த வீட்டில் நான் எப்படி இருக்கிறேன் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? பஜாரில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கிற குடும்பம். மாமியார் என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் "பேங்க்ல வேல பாக்குற பிள்ள" என்றுதான் சொல்வார். எந்த ஊர், யார் மகள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஏழு வருஷமாக நான் அம்மா வயிற்றில் பிறக்காமல் பேங்க் கவுன்டரிலேயே பிறந்தவள் மாதிரி நடமாடுகிறேன். கல்யாணத்தில் மாமனார் உங்களை எப்படிச் சொன்னார்? "போக்குவரத்துத் தொழில்." நீங்களும் கேட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றீர்களே, அன்றைக்கு ஏன் பஸ் ஏறவில்லை?

லக்ஷனாவின் அப்பா பெரிய கொன்ட்ராக்டர். அவள் வீட்டு டிரைவர் சீருடை போட்டிருப்பார். அவள் முன்னால் போய், இது என் கூடப் பிறந்த அண்ணன், இவரைப் பின்னால் டிரைவர்மார் அறையில் படுக்க வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்? முதல் நிமிஷம் தவறிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மணித்தியாலமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. இது உங்களுக்குப் புரியவே புரியாதா?

மிது விஷயத்தில் நான் செய்தது தப்பு. வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்காகத் தாய்மாமன் உறவையே அறுத்துக்கொண்டு போவீர்களா? கதிர்காமத்துக்கு வருகிறீர்களா இல்லையா, அதை நேராகச் சொல்லுங்கள்.

வேனில் தூசி படிந்து கிடக்கிறது. நேற்று யாரோ பின் கண்ணாடியில் விரலால் 'கழுவவும்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஜெயந்தினி

*

மேற்கணக்கு, அப்புத்தளை
2024 செப்டெம்பர் 2

ஜெயந்தினிக்கு,

பசறையில் நான் சொன்னது உண்மை. என்னை நானே டிரைவர் என்று சொன்னால் அது என் பணிவு. நீ சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? அந்தப் பெண் என்னை "அண்ணே" என்று மரியாதையாகக் கேட்டது. பக்கத்தில் நீ நின்றாய். இவர் என் அண்ணன் என்று நீ சொல்வாய், அதை உன் வாயால் கேட்கலாம் என்று பாதிப் பதிலோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு வாய் தேநீர் குடிக்கிற நேரம் காத்திருந்தேன். நீ பிஸ்கட் வாங்கப் போய்விட்டாய்.

கல்யாணத்தில் ஏன் சிரித்துக்கொண்டு நின்றேன் என்று கேட்கிறாய். அன்றைக்குச் சொன்னவர்கள் அந்நியர்கள். அவர்கள் என்னை எப்படிச் சொன்னாலும் என் மேல் ஒட்டாது. என்னை யார் என்று சொல்ல வேண்டியவள் நீ ஒருத்திதான். வெட்கப்படுகிற அளவுக்கு நான் என்ன செய்தேன்? குடித்துவிட்டு ஓட்டினேனா? யாரையாவது ஏமாற்றினேனா? நான் ஓட்டிய வேனில்தானே நீ பரீட்சைக்குப் போனாய்? அன்றைக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, அண்ணே, இன்னும் வேகமா, இன்னும் வேகமா என்றாயே, அப்போது நான் யார்?

வேன் இல்லாமல் எப்படி இருக்கிறீர்கள் என்று இரண்டு கடிதத்திலும் நீ கேட்கவில்லை. பண்டாரவளைக்குப் போகிற டீச்சர்மார் வேறு வேன் பிடித்துவிட்டார்கள். நான் தேயிலைக் கொழுந்து லொறியில் கிளீனர் மாதிரி தொற்றிக்கொண்டு டவுனுக்குப் போய் வருகிறேன். பரவாயில்லை, அதற்காக நான் இறங்கி வரமாட்டேன்.

காதுகுத்துக்கு நம் சித்தப்பா மகன் சிவஞானம் இருக்கிறான். முறைக்கு அவனும் பிள்ளைக்கு மாமன்தான். பதுளையில் கிராம சேவகர் வேலை பார்க்கிறான். உன் சிநேகிதிமார் முன்னால் தாராளமாகக் காட்டலாம். அவன் மடியில் வைத்துக் குத்துங்கள். என் நேர்த்தியைப் பற்றி நான் முருகனிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது எல்லாம் தெரியும். உன் கடிதத்தைக் கேட்டு வாங்கி, எதிர்வீட்டுப் பிள்ளையைக் கொண்டு படிக்க வைத்துக் கேட்டார். அந்தக் காற்சட்டையை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

புவனேந்திரன்

*

பதுளை,
2024 செப்டெம்பர் 7

அண்ணா,

இந்தக் கடிதத்தில் உங்கள் மேல் கோபம் இல்லை. என் மேல்தான் கோபம், அதுவும் தாங்க முடியாத கோபம்.

வியாழக்கிழமை ஷோகேஸில் இருந்த நம் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் மிதுவை நீங்கள் துவாயில் சுற்றிக் கையில் வைத்திருக்கிற படம். மிது எட்டிப் பார்த்து, "டிரைவர் அங்கிள்" என்றாள். மாமாடா என்றேன். "இல்ல. மாமா வேற, டிரைவர் அங்கிள் வேற" என்றாள். அப்போ மாமா எங்கே என்று கேட்டேன். "மாமா வரல. கடலுக்கு டிரைவர் அங்கிள்தான வந்தாங்க?" என்கிறாள். மூன்று நாளாகச் சொல்லிக் கொடுக்கிறேன், மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். அவள் மாறவே இல்லை. வாசலில் நிற்கிற வேனைக் காட்டி அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் "எங்க டிரைவர் அங்கிள் வேன்" என்று சொல்கிறாள். நான் ஒரே ஒரு தடவை சொன்னதை அந்தப் பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்து வைத்திருக்கிறது, பாருங்கள்.

நேற்று பேங்கில் சாப்பாட்டு நேரத்தில் லக்ஷனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள், அல்லது பாவம் என்று பார்ப்பாள் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் பயந்தேன். அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். "என்னைய என்னன்னு நெனச்ச நீ? உன் அண்ணன டிரைவர்னு பாத்துச் சிரிச்ச பாவத்த என் தலையில ஏன் ஏத்துன? ஓடிட்டான்னு என் புருஷன் சொன்னப்ப வாயில தோசையோட இருந்தியே, தொண்டையில சிக்கலையா?"

இன்னொன்றும் சொன்னாள். அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன். அந்தச் சாப்பாட்டுப் பொட்டலம் என் யோசனை இல்லை அண்ணா. அது மிச்சமும் இல்லை. டிரைவர் சாப்பிட்டாரா என்று மேசையில் கேட்டது லக்ஷனாதான். யாரும் தொடாத தட்டிலிருந்து மீனும் சோறும் எடுத்துச் சுற்றி, கொண்டுபோய்க் கொடு என்று என் கையில் தந்தது அவள்தான். "அந்த மனுசன் சாப்பிட்டாரான்னு யோசிச்சது நான். கூடப் பிறந்தவ நீ யோசிக்கல" என்றாள். நான் உங்களை நினைத்துக் கொண்டுவந்தேன் என்று நம்பி அதைச் சாப்பிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இப்போது படிக்கவே முடியவில்லை.

இவரிடமும் சண்டை போட்டேன். அறை பதிவு செய்யும்போதே 'டிரைவர் ஒருவர்' என்று போட்டது இவர்தான். "நீதான ஒண்ணும் சொல்லல" என்கிறார். அதுவும் உண்மை. என்னைச் சுற்றி எல்லோரும் ஒரே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

சிவஞானம் அண்ணனை நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் வராவிட்டால் காதுகுத்தும் இல்லை, மொட்டையும் இல்லை. டீசல் இல்லாத வருஷத்தில் தள்ளிப்போட்டோம், இன்னும் தள்ளிப் போகட்டும். மாமியாரிடம் சொல்லிவிட்டேன், என் அண்ணன் வேன் டிரைவர், அவர் வந்தால்தான் நடக்கும் என்று. அவர் கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டார்.

லக்ஷனா என்னோடு பேசுவதில்லை. ஆனால் இன்று நிஷாந்த் வந்து வேனைக் கழுவிவிட்டுப் போனார். உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நீங்கள் கதிர்காமம் வருவதாக இருந்தால் அவர்களும் வருவார்களாம். என்னைப் பார்க்க இல்லை, உங்களைப் பார்க்க.

டிரைவராக வர வேண்டாம் அண்ணா. மிதுவின் மாமனாக வாங்க.

உங்கள் தங்கச்சி
ஜெயா

*

மேற்கணக்கு, அப்புத்தளை
2024 செப்டெம்பர் 11

ஜெயாவுக்கு,

கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் மிதுவுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

பதினைந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு நானும் அம்மாவும் வெல்லவாய பஸ் ஸ்டாண்டில் நிற்போம். அது வரைக்கும் பஸ்ஸில் வந்துவிடுகிறோம். வேனை நிஷாந்தே ஓட்டி வரட்டும். கிளட்சைக் கடைசி வரைக்கும் மிதிக்கச் சொல், இராவணா எல்ல இறக்கத்தில் இரண்டாம் கியரை விட வேண்டாம் என்று சொல். என்னைக் கண்டதும் யாரும் சாவியை நீட்டக் கூடாது. போகும்போதும் வரும்போதும் நான் நடு சீட்டில் பிள்ளையோடு உட்காருவேன்.

லக்ஷனாவுக்கு நான் கடன்பட்டவன். அந்த மீன் நன்றாக இருந்தது என்று சொல்.

இன்னும் ஒன்று. மிது என்னைக் கண்டதும் டிரைவர் அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். பஸ் ஸ்டாண்டில் கூப்பிடுவாள், கோயிலில் அத்தனை பேருக்கு நடுவில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு கூப்பிடுவாள். அம்மா முன்னாலும் கூப்பிடுவாள். கூப்பிடட்டும், நான் என்ன என்று கேட்பேன்.

நீ குறுக்கே வந்து திருத்தாதே. ஒரு தடவை திருத்தினாயே, அது போதும்.

அண்ணன்